டேப்பில் ஒரு காது

மாப்பிள்ளையை முதலில் அடித்தது நான்தான். ஐஸ்காரர்கள் கை வைத்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கை முந்தும், வாய் பிந்தும், புத்தி அரை மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வந்து சேரும். பட்டறைக் கதவில் ஸ்பேனர் பட்ட பள்ளங்கள் இருக்கின்றன. எல்லாம் என் கைங்கரியம். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று என் தங்கை சொல்வாள். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொள்வாள்.

மாப்பிள்ளை அந்தத் தங்கையின் கணவர். எட்டு மாதமாக என்னோடுதான் வேலை. வண்டிகளின் கரண்டு வேலை மட்டும் பார்க்கிற பட்டறை எங்களுடையது. ஒரு ஒயரைக் கையில் எடுத்தால் அது எங்கே பிறந்தது, எங்கே வாக்கப்பட்டது என்று முழு ஜாதகமும் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். எனக்கு அது ஆகாது. நான் இருபது நிமிடத்தில் முடிக்கிற வேலையை அவர் இரண்டு மணி நேரம் செய்வார். எல்லா வீட்டிலும் மாப்பிள்ளை என்றால் ஒரு மரியாதை உண்டு. நான் அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். பிடரியில் தட்டுவேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

அன்றைக்கு உச்சி வெயில். ஐஸ் ஏற்றுகிற பழைய பிக்கப் வண்டி ஒன்று எங்கள் வாசல் சாய்வில் ஏறி, பாதியில் இஞ்சின் நின்று, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூன்று வாரம் முன்னால் இதே வண்டி, இதே சத்தத்தோடு வந்தது. அப்போது ஓட்டி வந்தவர் பெரியவர். ஐஸ் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர். இன்றைக்கு இறங்கியவர் தம்பி, சின்னவர். கையில் ஐஸ் பாளத்தை உடைக்கிற இரும்புக் கடப்பாரை. பின்னாலிருந்து இரண்டு பேர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள், ஐஸ் இறக்குகிற ஆட்கள். ஒருவன் மொட்டை, ஒருவன் நெட்டை.

"ரிலே மாட்டினவன் யாரு?" என்றார் சின்னவர்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நான் பார்த்ததே பதிலாகிவிட்டது.

"நேத்து மேட்டுல ஏறும்போது இஞ்சின் நின்னுபோச்சு. இஞ்சின் நின்னதும் பிரேக்கும் சரியாப் பிடிக்கல. சக்கரத்துக்குக் கல்லு வைக்க எங்கண்ணன் எறங்குனாரு. வண்டி பின்னால உருண்டு, அவரு காலச் செவுத்தோட வச்சி அரைச்சிருச்சு. காலைல எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ இப்ப ஒண்ணுமில்ல."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு உடனே கோபமும் வரும். நான் திரும்பி மாப்பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். வாயோரம் கிழிந்து ரத்தம் வந்தது. நானே அடித்துவிட்டால் அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து அடித்தேன் என்று பின்னால் பல பேரிடம் சொன்னேன். பொய். கோபத்தில்தான் அடித்தேன்.

"ஒரு ரிலே ஒழுங்கா மாட்டத் தெரியாதா உனக்கு?"

மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டார். பேசவில்லை. ஆனால் மூன்று வாரம் முன்னால் பேசியிருந்தார். புது ரிலேயை மாட்டிவிட்டு, பெரியவர் காதில் விழாமல் என்னிடம் வந்து, "மச்சான், ரிலே மட்டும் மாத்தினா போதாது. பின்னாடி வேற என்னமோ இருக்கு. ஒரு நாள் வண்டிய நிறுத்திப் பாத்துரலாம்" என்றார். "கேட்டத மாட்டிக் குடுத்து அனுப்பு. ஜோசியம் பாக்காத" என்று பிடரியில் ஒன்று வைத்தேன். பெரியவருக்கும் அவசரம். போய்விட்டார்.

மொட்டையும் நெட்டையும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் பாய்ந்தேன். கடப்பாரையின் மழுங்கிய முனை என் வயிற்றில் இறங்கியது. மூச்சு அடைத்து நான் டயர் மேல் விழுந்து எழுவதற்குள், அவர் வலது கையை வேலை மேசையில் இருந்த வைஸில் வைத்துவிட்டார்கள். இரும்பை அசையாமல் பிடித்து அறுக்க, அராவ நாங்கள் வைத்திருக்கும் பெரிய வைஸ் அது. சின்னவர் கைப்பிடியைத் திருகினார். இரண்டு தாடைகளும் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தன. மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். சத்தம் போடவில்லை.

"ரிலே மட்டம்னு ஒத்துக்கிட்டா இப்பவே நசுக்கிட்டுப் போயிருவேன்," என்றார் சின்னவர், என்னைப் பார்த்து. "இல்லன்னு சொல்றியா? அப்ப எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடி. எங்கண்ணன் கால எது எடுத்துச்சுன்னு எனக்குத் தெரியணும். நீ தேடு. நான் இங்க நிக்கிறேன்."

வேலைக்காரனுக்குக் கைதானே எல்லாம். அந்தக் கை போனால் என் தங்கை வீட்டு அடுப்பு எரியாது. நான் வண்டிக்குள் தலையை நுழைத்தேன்.

ரிலே என்பது தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு காந்தமும் ஒரு நாக்கும் இருக்கும். சாவியைத் திருப்பினால் காந்தம் நாக்கை இழுத்துப் பிடிக்கும், கரண்டு பாயும், டாங்கிலிருந்து பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளுகிற பெட்ரோல் பம்ப் ஓடும். நாக்கை விட்டால் பம்ப் நிற்கும், இஞ்சினும் நிற்கும். நான் அதைத் தொட்டதும் விரல் நுனி பொசுங்கியது. ஒரு துணியைச் சுற்றி உருவினேன். ஹாரனுக்கும் இதே மாதிரி ரிலேதான். அதைக் கழற்றி இந்த இடத்தில் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அதுவும் டிக், டிக் என்றது. ஐந்து நிமிடத்தில் அதுவும் கொதித்தது.

"ரிலே நல்லாத்தான் இருக்கு," என்று கத்தினேன். "வேற ரிலே போட்டாலும் சுடுது. எய்தவன் எங்கயோ இருக்கான். இது வெறும் அம்பு. விடுங்க அவர."

"அப்ப எய்தவனக் காட்டு," என்றார் சின்னவர். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருகினார். இந்த முறை மாப்பிள்ளையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேசை மேல் இருந்த ஸ்க்ரூ டப்பா உருண்டு விழுந்து, தரையெல்லாம் ஸ்க்ரூ சிதறியது.

பாரம் மீறினால் அறுந்து கரண்டை நிறுத்துவது ஃபியூஸ். அதைப் பிடுங்கினேன். பதினைந்து ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது.

"எந்த மடையன் போட்டான் இத?" என்றேன். "வீட்டுக்குக் கதவு வேணாம்னு கழட்டி வச்ச மாதிரி முப்பதப் போட்டிருக்கான். இவனெல்லாம் ஸ்க்ரூ டிரைவரக் கையால தொடலாமா?"

அந்த மடையனை நான் இன்னும் நிறையத் திட்டினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கரண்டை அளக்கிற மீட்டரின் வளையத்தை ஒயரில் கோர்த்துப் பார்த்தேன். பெட்ரோல் பம்ப் ஆறு ஆம்பியர் குடிக்கும், மிஞ்சிப் போனால் ஏழு. மீட்டர் இருபத்திரண்டு என்றது. வண்டிக்கு அடியில் படுத்து, டாங்கில் பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தேன். பதினாறு. பம்பே இல்லாமல் பதினாறு. அப்படியென்றால் இதே ஒயரில் வாய் வைத்து வேறு யாரோ குடிக்கிறார்கள். அவ்வளவு பாரம் ஏறினால் வோல்ட் இறங்கும், காந்தம் தளர்ந்து நாக்கை விடும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி பிடிக்கும். டிக், டிக். சூடு எங்கிருந்து வந்தது, சத்தம் எங்கிருந்து வந்தது, இரண்டும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வேலைக்காரன் புத்தி அப்படி.

பின்னால் ஐஸ் பெட்டியில் காதை வைத்தேன். அடியில் எதுவோ தொண்டையில் முள் மாட்டினது போல முனகியது. மூடியைத் திறந்தேன். பாளங்களைச் சுற்றி மரத்தூள் கொட்டியிருந்தது. உருகிய தண்ணீரை வெளியே தள்ள மூலையில் ஒரு சின்ன மோட்டார். தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும். வண்டி மேட்டில் ஏறும்போது தண்ணீரெல்லாம் பின்பக்கம் சரிந்து மோட்டாரைக் கிளப்பும். அந்த மோட்டார் இப்போது மரத்தூளை விழுங்கி, சுற்ற முடியாமல் திணறி, கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

"அகப்பட்டுக்கிச்சு," என்றேன். "இந்தத் தண்ணி மோட்டாருக்கு பேட்டரிலேருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ் போட்டிருக்கணும். எவனோ ஒரு சோம்பேறி பெட்ரோல் பம்ப் ஒயர்லயே சொருகிட்டுப் போயிருக்கான். உங்கண்ணன் கால எடுத்தது அவன்தான்."

"யாரு அவன்?"

"ஜாயின்ட்டப் பாத்தாத் தெரியும். சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கும்."

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மச்சான், அங்க பாக்க வேணாம்."

நான் திரும்பினேன். முகம் வெளுத்து, வியர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரிலே நான் மாட்டினது. என் தப்புன்னே வச்சிக்குங்க. சீட்டக் கழட்டாதீங்க."

எனக்குத் தலைக்கு ஏறியது. இவன்தான் அந்த வேலையைச் செய்திருக்கிறான், அகப்பட்டுக்கொள்வோம் என்று நடுங்குகிறான் என்று எண்ணினேன். வயிற்றில் வாங்கிய அடி, பொசுங்கிய விரல் எல்லாம் இவனால்தான் என்று தோன்றியது.

"பாத்தீங்களா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," என்று சின்னவரிடம் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் தங்கை புருஷனின் கை வைஸில் இருக்கும்போது, என் வாயால் சொன்னேன்.

சின்னவர் இன்னொரு கால் சுற்றுத் திருகினார்.

நான் சீட்டின் போல்ட்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கி வெளியே எறிந்தேன். ரப்பர் விரிப்பைக் கிழித்தேன். ஒயர்க்கட்டு இருந்தது. நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பின் நுனி முக்கோணமாக மடிந்து, சின்னக் காது போல நீட்டிக்கொண்டிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேப் சுற்றி முடித்ததும் நுனியை மடித்துக் காது வைப்பது ஒரு பழக்கம். மறுபடி பிரிக்கும்போது நகத்தால் தேட வேண்டாம், காதைப் பிடித்து இழுத்தால் போதும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் யாரும் அதைச் செய்வதில்லை. மாப்பிள்ளை செய்வதில்லை. கத்தரித்து ஒட்டிவிடுவார். காது வைப்பது ஒரே ஒரு ஆள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடம் முன்னால், மாப்பிள்ளை இங்கே வருவதற்கு முன்பு, பெரியவர் இந்த மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஐஸ் ஏற்றி வைத்திருக்கிறேன், உடனே வேண்டும் என்றார். பேட்டரி வரைக்கும் ஒயர் இழுத்தால் ஒரு மணி நேரம். நான் சீட்டுக்குப் பின்னால் கைக்குக் கிடைத்த ஒயரில் சொருகினேன். ஃபியூஸ் போனது. முப்பதைப் போட்டேன். இருபது நிமிடம். "உங்கள மாதிரி வேகமா யாரு செய்வா" என்று பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்ன கெடச்சுது?" என்று வெளியிலிருந்து சின்னவர் கேட்டார்.

என் கட்டைவிரல் அந்தக் காதைப் பிடித்திருந்தது. ஒரு இழுப்பு போதும். டேப் கையோடு வந்துவிடும், சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அது எவனோ ஒருவன் செய்த ஜாயின்ட். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

"கேக்குறேன்ல? யாரு போட்டது? இவனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டால், பத்து வரை எண்ணுகிற நேரம் இருக்கும். பத்து எண்ணுவது குறைவு என்று நினைக்கிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். என் கை காதைப் பிடித்திருந்தது, என் வாய் மூடியிருந்தது. சின்னவர் அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டார். கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து, உடம்பைச் சாய்த்து, ஒரு முழுச் சுற்று.

எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிகிற சத்தம்தான், கொஞ்சம் ஈரமாகக் கேட்கும். அதற்குப் பிறகு மாப்பிள்ளை போட்ட அலறலில் தெருவில் போன ஆட்கள் நின்றார்கள்.

"நான்தான்," என்று கத்திக்கொண்டு வெளியே விழுந்தேன். "நான்தான் போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இந்த டேப் என் கை. நான்தான், நான்தான்."

மொட்டைதான் முதலில் சின்னவர் கையைத் தட்டிவிட்டு, கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினான். மாப்பிள்ளை கீழே சரிந்தார். அவர் கையை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல மாட்டேன்.

சின்னவர் என்னை நோக்கி வந்தார். கடப்பாரை என் தோளில் ஒரு முறை, முதுகில் ஒரு முறை இறங்கியது. நான் தடுக்கவில்லை. ஸ்க்ரூக்கள் மேல் தவழ்ந்து மேசைக்குப் போனேன். ரத்தம் ஒட்டியிருந்த வைஸின் தாடைகளுக்கு நடுவே என் வலது கையை வைத்தேன்.

"திருகுங்க," என்றேன்.

அவர் கைப்பிடியைப் பிடித்தார். என் முகத்தையும் என் கையையும் பார்த்தார்.

"இத நசுக்கி எங்கண்ணனுக்கு ஒட்ட முடியுமா?" என்றார். "நீ சும்மா இருந்த. அவன் கை அங்க இருக்கு, உனக்கு விஷயம் தெரியும், நீ சும்மா இருந்த. ஒண்ணும் தெரியாத மனுஷன நான் நசுக்கிட்டேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

கைப்பிடியை விட்டுவிட்டுப் போய்க் கடப்பாரையால் தன் வண்டியின் முன்கண்ணாடியை அடித்தார். ஒரு அடியில் உடையவில்லை. நான்கு, ஐந்து அடி அடித்தார். கண்ணாடி முழுக்க உள்ளே கொட்டியது. பிறகு பானெட்டில் குப்புறச் சாய்ந்து, அண்ணா, அண்ணா என்று அழுதார்.

"அந்த ஆளு மூச்சுப் பேச்சில்லாமக் கெடக்காரு," என்றான் நெட்டை.

பட்டறையில் அப்போது ஓடுகிற வண்டி வேறு இல்லை. குறட்டால் அந்த ஜாயின்ட்டிலிருந்து, காதோடு சேர்த்து, மோட்டார் ஒயரை மட்டும் வெட்டி எறிந்தேன். டாங்கில் பம்பை மறுபடி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்தது. சீட்டைத் தூக்கி வைத்து, கண்ணாடித் துண்டுகளைக் கையால் வழித்துத் தள்ளினேன். சின்னவர் ஓட்டினார். மாப்பிள்ளையின் தலை என் மடியில் இருந்தது. கண்ணாடி இல்லாததால் சூடான காற்று நேராக முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு அதே மேடுதான் வழி. ஏறும்போது டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ரிலேயைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை, சத்தமும் இல்லை. இருபது நிமிட வேலையைச் சரி செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெரியவர் படுத்திருந்த மாடிக்குக் கீழ் மாடியில் மாப்பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். உள்ளங்கையில் மூன்று எலும்பு தூள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். என் முதுகில் மருந்து தடவி அனுப்பிவிட்டார்கள். என் கைக்கு ஒன்றும் இல்லை. பத்து விரலும் நன்றாக மடங்கும்.

சாயங்காலம் மாப்பிள்ளை கண் விழித்தார். கட்டிலை ஒட்டிச் சுவரோரமாக என் தங்கை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாப்ள, அது என் ஜாயின்ட்டுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

எட்டு மாதத்தில் முதல் முறையாக நான் 'உங்களுக்கு' என்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மூணு வாரம் முன்னாடியே," என்றார். "ரிலே மாத்தும்போதே சீட்டத் தூக்கிப் பாத்தேன். காது இருந்துச்சு."

"இன்னிக்கு ஏன் மறைச்சீங்க?"

"உங்க கையையும் அதுல வச்சிருப்பாங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நேராச் சொல்லியிருந்தா நானே வெட்டி எறிஞ்சிருப்பேனே. பெரியவருக்குக் கால் இருந்திருக்கும். இந்தக் கை இருந்திருக்கும். பின்னாடி என்னமோ இருக்குன்னு சுத்தி வளச்சுச் சொன்னீங்களே, ஏன்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"சொன்னா அடிப்பீங்க மச்சான்."

என் தங்கை எழுந்தாள். அவர் வாயோரத்தில் என் அறை கிழித்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.